குனிந்தால் எத்தனை நிமிடம் மிச்சம்?

1989-ஆம் வருட டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். மூன்று வாரம் ஓட்டி முடித்த பிறகு பிரான்சின் லோரான் ஃபின்யோன் முதலிடத்தில் இருக்கிறார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்னால். மிச்சம் இருப்பது வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் மட்டும், அதுவும் ஒவ்வொருவராகத் தனித்தனியே ஓட்ட வேண்டியது. இவ்வளவு குறைந்த தூரத்தில் 50 வினாடியைப் பிடிப்பதாவது என்றுதான் பெரும்பாலானோர் நினைத்தார்கள். லெமாண்ட் அந்த ஓட்டத்தில் 58 வினாடி முந்தி, மொத்தக் கணக்கில் 8 வினாடி வித்தியாசத்தில் மஞ்சள் சட்டையைத் தட்டிக்கொண்டு போனார். ஆண்கள் டூரில் அதைவிடக் குறைந்த வித்தியாசம் இன்றுவரை இல்லை.

லெமாண்டின் சைக்கிளில் ஒரு புது சமாச்சாரம் இருந்தது. ஹேண்டில்பாரில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பி. முழங்கைகளை அதன் மேல் ஊன்றி, கைகளைச் சேர்த்து முன்னால் நீட்டி, முதுகைத் தட்டையாக்கிக்கொண்டு ஓட்டலாம். இது டூர்க்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் ட்ரையத்லான் ஆட்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஃபின்யோன் ஹெல்மெட்டும் போடவில்லை, குடுமி காற்றில் பறந்தது. குடுமியால் தோற்றார் என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள் (பாவம், உட்காரும் இடத்தில் புண்ணோடு ஓட்டினார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை).

சரி, குனிவதில் அப்படி என்ன இருக்கிறது?

சமதரையில் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காலின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. அதில் சைக்கிளின் பங்கு கொஞ்சம்தான், உடம்புதான் பெரிய தடை. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தியும் வேகத்தோடு நேர்க்கோட்டில் ஏறாது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. சமதரை, எதிர்க்காற்று இல்லை. கால் தரும் சக்தி 200 வாட். காற்றில் மோதும் உடம்பின் பரப்பையும் வடிவத்தையும் சேர்த்து ஓர் எண்ணாகச் சொல்வார்கள். சாதாரண ஹேண்டில்பாரைப் பிடித்தபடி ஓட்டுபவருக்கு அது 0.32 சதுர மீட்டர் என்றும், நன்றாகக் குனிந்தால் 0.25 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் நிலையில் மணிக்கு 34.1 கிலோமீட்டர் வேகம் வரும், இரண்டாவதில் 36.8. இரும்பு மனிதர் பந்தயம் எனப்படும் அயர்ன்மேனில் சைக்கிள் தூரம் 180 கிலோமீட்டர். முதல் ஆளுக்கு 5 மணி 17 நிமிடம், குனிந்தவருக்கு 4 மணி 53 நிமிடம். கூடுதலாக ஒரு வாட்கூட மிதிக்காமல் 24 நிமிடம் லாபம்.

ஆனால் செலவுப் பக்கம் ஒன்று இருக்கிறது. குனியக் குனிய தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடம் சுருங்குகிறது. கால் மேலே வரும்போது இடுப்பு மடங்கி முட்டுகிறது, மூச்சும் தாராளமாக வராது. பழகாதவருக்கு அதே இதயத்துடிப்பில் கிடைக்கும் வாட் குறையும். காமர்ஸ் வகுப்பில் வரும் பிரேக் ஈவன் கணக்கேதான் இது. எவ்வளவு வாட் இழந்தால் குனிந்தும் குனியாததும் ஒன்றாகும்? மேலே சொன்ன எண்களின்படி 164 வாட். அதாவது 36 வாட் போனால்கூட நஷ்டமில்லை. பழக்கமுள்ளவர் இழப்பது அதைவிட ரொம்பக் குறைவு. ட்ரையத்லான் சைக்கிள்களில் சீட் முன்னால் தள்ளி இருப்பதும் இதற்காகத்தான். உடம்பு மொத்தமும் முன்பக்கம் சாய்வதால் முதுகு தாழ்ந்தாலும் இடுப்பு மடங்காமல் இருக்கும்.

அப்படியானால் எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவும் குனிந்துவிடலாமே? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 24.5 கிலோமீட்டர் ஓட்ட லெமாண்டுக்கு 27 நிமிடம்கூட ஆகவில்லை. அயர்ன்மேன்காரர் ஐந்து மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். கழுத்து வலிக்கும், தோள் இறுகும், தண்ணீர் குடிக்க வேண்டும், வாழைப்பழம் உரிக்க வேண்டும். வலி தாங்காமல் பாதி தூரம் நிமிர்ந்து ஓட்டினால் 24 நிமிட லாபம் 12 ஆகிவிடும். அதே ஆள் கைவைக்கும் மெத்தையைக் கொஞ்சம் உயர்த்தி, 0.25-க்குப் பதில் 0.27-லேயே திருப்தியடைந்து 180 கிலோமீட்டரும் அப்படியே போனால்? 5 மணி 1 நிமிடம். லாபம் 16 நிமிடம். படம் எடுத்துப் போட்டால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, அவ்வளவுதான். :-)

மலை ஏற்றத்தில் வேகம் 15-க்குக் கீழே போய்விட்டால் காற்று பெரிய விஷயமே இல்லை. அப்போது நிமிர்ந்து உட்கார்ந்து முதுகுக்கு ஓய்வு கொடுப்பதில் தப்பில்லை.

இதோடு கணக்கு முடிந்தால் பரவாயில்லை. சைக்கிளை விட்டு இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். சீட் முன்னால் இருந்தால் ஓடுவதற்குக் கால் தெம்பாக இருக்கும் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள், ஆய்வுகளில் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. ஆனால் சைக்கிளில் மிச்சம் பிடித்ததை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. அதே வேகத்தில் போய்க் காலை மிச்சப்படுத்தலாம், அல்லது அதே சக்தியைக் கொட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாம். முதலாவதை ஏனோ யாரும் விரும்புவதில்லை. சைக்கிள் நேரம்தானே உடனே கண்ணில் படுகிறது!

2024 அக்டோபரில் ஹவாயின் கோனாவில் நடந்த உலகப் போட்டியில் பிரான்சின் சாம் லெய்ட்லோ சைக்கிளை 3 மணி 57 நிமிடம் 22 வினாடியில் முடித்தார். சராசரி மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல், அந்தத் தடத்தின் சாதனை. அடுத்து ஓட்டத்தில் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள், கடைசியில் முதல் பத்து பேருக்குள்கூட அவர் வரவில்லை. ஜெயித்தவர் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே. அவருக்கு மாரத்தான் ஓட ஆனது 2 மணி 37 நிமிடம்.