நிழலின் நேரம்

வாட்டர்கலர் வரைகிறவர்கள் பலரின் பெட்டியில் வெள்ளை இருக்காது. இருந்தாலும் தொடத் தயங்குவார்கள். வின்சர் அண்டு நியூட்டன் கம்பெனி 1834லேயே ‘சைனீஸ் ஒயிட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கலையில் ஊறிய பலருக்குத் தாளின் வெள்ளைதான் வெள்ளை. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே தூரிகை போகக் கூடாது. அப்படியென்றால் முழுக்க வெள்ளையான ஒரு சுவரை எப்படி வரைவார்கள் என்பது என் நெடுநாள் கேள்வி.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், பழைய நகரத்தார் வீடு ஒன்றில் விடை கிடைத்தது. ‘அவுட்டோர்’ கிளம்பிய வாட்டர்கலர் குழு ஒன்றோடு நானும் தொற்றிக்கொண்டு போயிருந்தேன். வரைய அல்ல, பார்க்க. முகப்பைத் தாண்டி, முற்றமுள்ள வளவுக்குள் வந்ததுமே ஆளுக்கொரு தூணடியைப் பிடித்துப் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

செட்டிநாட்டுச் சுவரின் வெள்ளை, வெறும் சுண்ணாம்பு அடித்த வெள்ளை இல்லை. நைசாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, பூச்சுமேல் பூச்சாகப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. இத்தனை காலம் போயும் உள்ளங்கையை வைத்தால் வழுக்குகிறது. வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் அந்தச் சுவரைத் தொடவே இல்லை. சார்ப்பின் நிழல் சுவரில் விழுந்திருந்தது. அதை மட்டும் பூசினாள். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் தட்டில் முழுக்கக் கலக்காமல் ஈரத் தாளில் அருகருகே விட்டாள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஊறிச் சாம்பலாயின. மேலே நீலம் தூக்கலாக இருந்தது. கீழே வர வர ஒரு செம்மை ஏறியது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். சுவரிலும் அப்படியேதான் இருந்தது. முற்றத்துக்கு மேலே திறந்த வானம், தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல். இரண்டும் அந்த நிழலுக்குள் தங்கள் நிறத்தை அனுப்பிக்கொண்டிருந்தன. நிழல் பூசி முடிந்தபோது, பூசாமல் விட்ட இடமெல்லாம் தானாக வெயில் பட்ட சுவராகிவிட்டது.

பிறகு தாளின் மூலையில் பென்சிலால் ‘10.40’ என்று எழுதினாள். நிழல் நிற்காது, ஒரு மணி நேரத்தில் அது வேறு சுவர். எந்த நேரத்து நிழல் என்று குறித்துக்கொண்டால், பின்னால் வருவதையும் சேர்த்துக் குழப்ப வேண்டியதில்லை.

அந்த மூலைக் குறிப்பு என்னை எட்வர்ட் லியரிடம் கொண்டுபோய் விட்டது. ‘நான்சென்ஸ்’ பாடல்களால் உலகம் அறிந்த அதே லியர்தான். பிழைப்புக்கு நிலக்காட்சி ஓவியம். வைஸ்ராய் நார்த்புரூக் அழைத்து, 1873 நவம்பரில் அவர் பம்பாயில் வந்து இறங்கியபோது வயது 61. சிறுவயது முதல் வலிப்பு நோய், கண்ணும் சரியில்லை. நெடுநாள் பணியாள் ஜார்ஜியோ கூட வந்தார். மறு வருஷம் தெற்கே திரும்பி மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றினார். அவர் வேலை செய்கிற முறையே தனி. இடத்தில் உட்கார்ந்து பென்சிலால் விறுவிறுவென்று கோடு இழுப்பார். எது என்ன நிறம், எங்கே என்ன இருக்கிறது என்று படத்துக்குள்ளேயே எழுதுவார். ஊரும் தேதியும் குறிப்பார். பல படங்களில் மணியும் இருக்கும். மையால் கோட்டை உறுதிப்படுத்துவதும் வண்ணம் பூசுவதும் பிறகு, சாவகாசமாக. அமெரிக்காவில் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் அவர் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முடித்து மெருகிட்ட ஓவியங்களைவிட, மெல்லிய வண்ணத்துக்கு அடியில் அந்தக் கையெழுத்து தெரிகிற படங்களே எனக்கு நெருக்கம். உடம்பு முடியாத ஒரு வயசாளி, வெயிலில் உட்கார்ந்து, ‘இந்த இடத்தில் இந்த நிறம், மறந்துவிடாதே’ என்று தனக்குச் சொல்லிக்கொண்டது அப்படியே தாளில் நிற்கிறது.

நம் சில்பியும் அப்படி இடத்தில் உட்கார்ந்தவர்தான். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களுக்கு எதிரே அமர்ந்து வரைந்தார். அந்தக் கோடுகளில் இருக்கிற பொறுமையை எந்தப் புகைப்படத்திலும் நான் பார்த்ததில்லை.

செட்டிநாட்டில் இந்தப் பொறுமைக்கு அவசரமும் இருக்கிறது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததிலிருந்து, அங்கிருந்து வந்து இந்த வீடுகளைக் கட்டிய பணம் வற்றத் தொடங்கியது. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். சில வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. சில பிரிக்கப்பட்டு, கதவும் தூணுமாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போயின. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன; பட்டியல் வீட்டுக்கு ஓடு மாற்றித் தராது. பர்மாத் தேக்குத் தூணை லாரியில் ஏற்றிவிடலாம். பத்தே முக்காலுக்கு அது போடும் நிழல் இந்த முற்றத்துக்கு மட்டுமே சொந்தம்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சி அதுவரை பட்டாலையில் உட்கார்ந்து எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அந்தப் பெண்ணின் தாளைக் குனிந்து பார்த்தார்.

“ஏன் ஆத்தா, செவத்த விட்டுப்புட்டு நெழல மட்டும் வரைஞ்சிருக்கே?”

“செவருக்குத் தாளே போதும் ஆச்சி.”

ஆச்சி கொஞ்ச நேரம் படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

“இது காலைக்குத்தான். சாயங்காலம் ரெண்டாங்கட்டுக்கு வாங்க, தொறந்து விடுறேன். கெழக்குச் செவத்துல வெயில் அடிக்கும். வத்தல் அள்ளுறப்பத் தெனம் பாப்பேன், தூண் நெழல் கதவு வரைக்கும் ஏறும். இப்பப் பங்குனி, நாலு மணி ஆகும். மார்கழின்னா மூணரைக்கே ஏறிரும்.”

மூன்று மணிக்குக் கிளம்புவதாக இருந்த வேன் ஐந்தரைக்குத்தான் கிளம்பியது.