டிஸ்க் சொல்கிற அகலம்

5½ஜே டிஸ்க்கில் 235/75 ஆர் 15 டயர் ஏறத்தான் செய்யும். வாயில் சோப்புத் தண்ணி தடவி மிஷினில் போட்டுக் காற்றை அடித்தால், டப்பு டப்பு என்று இரண்டு சத்தம், டயரின் இரண்டு விளிம்பும், அதாவது பீடும், உட்கார்ந்துவிடும். “ஏறிடுச்சுண்ணே” என்று பையன் டோக்கனைக் கிழிப்பான். ஏறுவது ஒரு வேலை, ஓடுவது வேறு வேலை. இரண்டும் ஒன்று என்று இப்போது கடைக்காரர்களே பேசுகிறார்கள்.

திருச்சி பால்பண்ணைப் பக்கம் டயர் வேலையிலேயே முடி நரைத்தவன் நான். கடையை மருமகன் கையில் கொடுத்துவிட்டேன். இருந்தாலும் காலையில் போய் உட்காருவேன். போன மாதம் ஒரு தம்பி பொலிரோ பிக்கப்பில் வந்தார். கம்பெனி டிஸ்க்கிலேயே அகல டயர் வேண்டும் என்றார். டிஸ்க் நம்பரைப் பார்க்க வேண்டும் என்று குனிந்தேன். “மாட்டுறதுல என்ன பெரியவரே வித்தை இருக்கு, மிஷின்தானே மாட்டுது” என்றார். அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

டயருக்கு அகலம் கொடுப்பது டிஸ்க். 5½ஜே என்றால் டிஸ்க்கின் அகலம் 5½ அங்குலம். 215/75 டயருக்கு 5½ முதல் 7 அங்குல டிஸ்க் வரை ஆகும். 235/75க்கு 6 முதல் 8 வரை. பையன்கள் ஆசைப்படும் 31x10.5க்கு 7க்குக் கீழே இடமே கிடையாது. டயர் கம்பெனிகள் கொடுக்கும் புத்தகத்தில் எல்லாம் அச்சாகியிருக்கிறது. டிஸ்க் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலம் ஏறக்குறைய 5 மில்லி குறையும். அது போனால் போகிறது. பீடு இரண்டும் உள்ளே நெருக்கப்படுவதால் தரையில் படும் பட்டன் பரப்பு நடுவில் புடைத்துக்கொள்ளும், அதுதான் விஷயம். ரோட்டில் நடு மட்டும் படும். அகலத்துக்குப் பணம் கொடுத்தவர் பழைய டயரைவிடக் குறைவான ரப்பரில் ஓடுவார். நடுவில் நூல் தெரியும் அன்று இரண்டு ஓரமும் புதுசாகவே இருக்கும்.

இதைக் கண்ணால் காட்டிக் கொடுத்தவர் எனக்குத் தொழில் சொல்லித்தந்த சேட்டன். அந்தக் காலத்தில் நெடுஞ்சாலை ஓரம் பஞ்சர் கடை என்றாலே மலையாளிகள்தான். லீவர் பிடிக்கவே அவர் என்னை ரொம்ப நாள் விடவில்லை. சாக்பீஸ் பிடிக்கத்தான் முதலில் விட்டார். டயரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை குறுக்கே பட்டையாகக் கோடு போட வேண்டும், நாலு சக்கரத்துக்கும். வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் ஸ்டியரிங் ஒடிக்காமல் நேராக ஓட்ட வேண்டும். பிறகு இறங்கிப் பார்த்தால், கோடு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் டயர் வேலை செய்கிறது. முழுக்க ஒரே மாதிரி அழிய வேண்டும். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு.

ஆனால் காலி வண்டியில் பார்ப்பதை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். “காலி வண்டி கள்ளம் பறையும்” என்பார். லோடுக்கு அடித்த காற்றில் காலி பிக்கப்பின் பின் டயர் எப்போதும் நடுப்பக்கமே நிற்கும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வரும் வண்டியை வழியில் நிறுத்தி, டிரைவரின் திட்டை வாங்கிக்கொண்டு, அவர் கோடு போடுவார். மழையில் சாக்பீஸ் பிடிக்காது என்றால் மறுநாள் வரச் சொல்வார். அப்படியும் வந்தார்கள்.

ஒடுக்கமான டிஸ்க்கில் அகல டயர் மாட்டியவர்களுக்கு இந்தக் கோடு ஒருநாளும் சரியாக வராது. நான் விடாமல் முட்டிப்பார்த்த சிக்கல் இதுதான். லோடுக்குக் கம்பெனி சொன்ன காற்றை அடித்தால் நடுவில் மட்டும் அழியும். ஓரமும் தரையில் படட்டும் என்று காற்றை இறக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கோடு அழகாக அழியும். ஆனால் அந்தக் காற்று அந்த லோடைத் தாங்காது. சைடு மடிந்து மடிந்து சூடாகும். வளைவில் பீடு டிஸ்க்கை விட்டு நழுவப் பார்க்கும். கோட்டுக்கும் பொருந்தி லோடுக்கும் பொருந்துகிற காற்று அந்த ஜோடிக்கு இல்லவே இல்லை. எந்த மிஷினும் அதை உண்டாக்கித் தராது.

பிளை விஷயம் இதைவிட மோசம். லோடு வண்டியோடு வருவது எட்டுப் பிளை டயர். பின்னால் 60 பிஎஸ்ஐக்கு மேல் கேட்கும். அகலமாக, எழுத்து பெரிதாக இருக்கிறது என்று வாங்கிவருவது பெரும்பாலும் ஜீப் டயர். அதன் சைடில் அதிகபட்சக் காற்று 50, சிலதில் அதற்கும் கீழே என்று அச்சிட்டிருக்கும். 235/75 ஜீப் டயரில் 105 என்ற எண் இருந்தால் ஒரு டயருக்கு 925 கிலோ. ஒடுக்கமான எட்டுப் பிளையில் 106 இருந்தால் 950 கிலோ. பார்வைக்குப் பெரியது, சுமப்பது குறைவு. இதைச் சொன்னால் டயரை விற்றவருக்கே கோபம் வருகிறது.

உரசலையும் சொல்ல வேண்டும். 215க்கும் 235க்கும் அகலத்தில் 20 மில்லி வித்தியாசம் என்றால் பாதி உள்பக்கம் போகும். பின்னால் ஸ்பிரிங் பட்டைக் கட்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியில்தான் அது கழியும். உயரமும் 703 மில்லியிலிருந்து 733 ஆகும்; மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ இறக்கிவிட்டுத் திரும்புகிறவருக்கு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்கார்டில் கரகர என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கொல்லிமலைக்குப் பலாப்பழ லோடுக்குப் போகிறவருக்கு 70 கொண்டை ஊசி வளைவு. லோடில் பட்டை அமுங்கி, முழு ஒடிப்பில், சைடு ரப்பரை இரும்பு வழித்துக்கொண்டே வரும். காலி வண்டியை ஷெட்டுக்குள் ஒடித்துப் பார்த்து “உரசல” என்று அனுப்புகிறவர்களுக்கு அந்த மலை தெரியாது.

திருச்சி காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் மூடி, ஜாயிண்டுகளைச் சரிசெய்து 2023 மார்ச்சில் திறந்தார்கள். அதற்கு முன்னால் அந்த ஜாயிண்டுகளில் அடிவாங்கி சைடில் கட்டி விட்ட டயர்கள் எங்களிடம் ஓயாமல் வரும். டிஸ்க்குக்கு வெளியே சைடு துருத்திக்கொண்டு நின்றவைதான் அதில் அதிகம். பாலம் சரியாகிவிட்டது. டயர்கள் அப்படியேதான் வருகின்றன.

சட்டமும் இருக்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 95ஆம் விதி டயரின் அளவையும் பிளையையும் பற்றித்தான். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு. விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் சைடு எழுத்தைப் படிப்பார். மாட்டிய கடைக்காரர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

அகல டயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. 6ஜே டிஸ்க் இருந்து, லோடு டயராகவே 235 கிடைத்தால், உரசல் பார்த்து நானே மாட்டியிருக்கிறேன். அதற்கு மேல் ஆசை இருந்தால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். தாய்லாந்து, அமெரிக்கா பிக்கப் வீடியோக்களில் பெரிய டயர் போடுகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்க்கையும் மாற்றியிருப்பார்கள். நம் பையன்கள் கண்ணுக்கு டயர் மட்டும் தெரிகிறது.

என் கடையில் வேலைக்கு வரும் பையன்களுக்கு மிஷின் பெடல் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. டிஸ்க்கில் நம்பர் எங்கே குத்தியிருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். சாக்பீஸை எடுத்தால் சிரிக்கிறார்கள். பில்லில் டயர் அளவு, பேலன்சிங், அலைன்மெண்ட், நைட்ரஜன் எல்லாம் வரிவரியாக இருக்கிறது. டிஸ்க் அகலம் மட்டும் எந்தக் கடை பில்லிலும் கிடையாது. பிக்கப்புக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் டிஸ்க்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லி, பெயிண்டுக்கு அடியில் இருக்கும் அந்த ஜே எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாத கடையில் பணம் கட்டாதீர்கள்.