மேலே போகிற வேகம்

எங்கள் வீட்டுக்குள் இரண்டு ஒயர்கள் வந்தன. ஒன்று மண்ணுக்கு அடியில் ஓடி, தெருமுனைப் பெட்டியில் ஏறி, முன்பக்க ஜன்னல் வழியாக நுழைந்தது. இன்னொன்று நாலு வீட்டு மொட்டை மாடிகளைத் தாண்டி, முருங்கை மரத்தில் உரசிக்கொண்டு பின்பக்கமாக இறங்கியது. முதலாவது அப்பாவுடையது. இரண்டாவதைக் கொண்டுவந்தவன் நான். 2013இல் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி, இந்த இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான்.

ஃபைபரோடு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் கற்காலம் மாதிரி தெரியலாம். கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டிஎஸ்எல் என்பது டெலிபோன் கம்பியிலேயே வருகிற இன்டர்நெட். நாம் பேசுகிற குரலுக்கு அந்தச் செம்புக் கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேலே உள்ள இடமெல்லாம் பல காலமாகச் சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடந்த இடத்தில் டேட்டாவை ஏற்றினார்கள். சுவரில் ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்ன டப்பா இருக்கும். குரலை ஃபோனுக்கும் மிச்சத்தை மோடத்துக்கும் பிரித்துவிடும். டயல்-அப் காலத்தில் ஒருவர் நெட்டில் இருந்தால் வீட்டுக்கு யாரும் ஃபோன் பண்ண முடியாது. அந்தத் தொல்லை இதில் இல்லை. 2004இல் மத்திய அரசு அகலப்பாட்டைக் கொள்கை கொண்டுவந்தபோது 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது 'பிராட்பேண்ட்'. இன்றைக்கு அந்த வேகத்தில் ஒரு ரீல்ஸ் திறப்பதற்குள் காபி ஆறிவிடும்.

டிஎஸ்எல்லுக்கு ஒரே எதிரி தூரம். நாங்கள் இருந்தது பாளையங்கோட்டைக்கு வெளியே, வயலை பிளாட் போட்டு விற்ற ஒரு நகரில். எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி போகிற வழியில் அளந்தால் நாலு கிலோமீட்டர் வரும். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் உள்பக்கம் திறக்கும்; அதில் 'அட்டெனுவேஷன்' என்று ஒரு எண் இருக்கும். எங்கள் வீட்டு எண் 55 டெசிபெல். அதன் அர்த்தம், எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பின சிக்னலில் ஏறக்குறைய மூணு லட்சத்தில் ஒரு பங்குதான் எங்கள் வீட்டை வந்து சேர்கிறது. அதையும் பொறுக்கி எடுத்து அந்தச் சின்ன மோடம் ஒரு படத்தைக் காட்டியது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மரியாதை வருகிறது. மழை பெய்து ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் மட்டும் பச்சை விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்துவிடும்.

கேபிள் கதை வேறு. புத்தகத்தில் படித்தால், கேபிள் இன்டர்நெட் என்பது டிவிக்கு வருகிற தடித்த கோஆக்சியல் ஒயரிலேயே வருவது. பெரிய நகரங்களில் அப்படியும் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் பகுதியில் 'கேபிள் நெட்' என்றால் கேபிள்கார அண்ணன் கொடுக்கிற நெட், அவ்வளவுதான். அவர் தன் கண்ட்ரோல் ரூம் வரை ஃபைபர் எடுத்திருந்தார். அங்கிருந்து மாடிக்கு மாடி லேன் ஒயர். லேன் ஒயரில் நூறு மீட்டருக்கு மேல் சிக்னலை நம்ப முடியாது என்பதால், வழியில் யாராவது ஒருவர் மாடியில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. அந்தப் பெட்டிக்குக் கரண்டு கொடுக்கிற வீட்டுக்கு மாத கேபிள் காசு கிடையாது. அண்ணன் எல்லாக் கணக்கையும் இப்படித்தான் முடிப்பார்.

இதற்கு எதிரி தூரம் இல்லை, கூட்டம். டிஎஸ்எல்லில் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் அந்தக் கம்பி உங்களுடையது மட்டும். கேபிளிலோ ஊரே ஒரு குழாயில் தண்ணீர் பிடிக்கிறது. மத்தியானம் பறக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்தால் நொண்டும்.

அப்பா ரிட்டயர்டு வாத்தியார். அவருடைய வாதம் ஒன்றுதான்.

"எலேய், கரண்டு போனா ஒன் கேபிள் என்ன செய்யும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போது சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாமல் இருந்த காலம். கரண்டு போனால் மாடியில் ஸ்விட்ச் பெட்டி சாகும், நெட்டும் சாகும். மோடமும் அணையும்தான். ஆனால் லேண்ட்லைன் ஃபோன் பேசும். ஏனென்றால் அதற்கு வேண்டிய 48 வோல்ட் வீட்டிலிருந்து வருவதில்லை. எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து அந்தச் செம்பிலேயே வருகிறது. எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் அச்சான எண் அது. அதை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொன்னது மாதிரி அப்பா பார்த்தார்.

என் வாதம் அம்மா.

அக்கா கல்யாணமாகி சிங்கப்பூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்கைப். அன்றைக்கு அம்மா காலையிலேயே தலைக்குக் குளித்து நல்ல சேலை கட்டிக்கொள்வாள். டிஎஸ்எல்லில் அக்கா முகம் எங்களுக்கு ஓரளவு நன்றாகவே தெரிந்தது. அக்காவுக்குத் தெரிந்த அம்மா, சதுரம் சதுரமாக உடைந்த ஒரு நிறம்.

"அவளுக்கு என் மொகம் தெரியுதாடா?"

"தெரியுதும்மா" என்று அந்தப் பக்கமிருந்து அக்காவே சொல்லிவிடுவாள்.

தெரியாததற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் கொடுத்த டிஎஸ்எல்லின் முழுப்பெயர் ஏடிஎஸ்எல். அந்த முதல் 'ஏ'வுக்கு, இரண்டு பக்கமும் சமமில்லாதது என்று பொருள். கம்பியில் இருந்த காலி இடத்தில் பெரும்பகுதியைக் கீழே வருகிற டேட்டாவுக்குக் கொடுத்து, மேலே போவதற்கு 138 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு குறுகிய கீற்றை விட்டார்கள். ஏடிஎஸ்எல் 2+ வந்தபோது கீழே 24 மெகாபிட் வரை என்றார்கள். மேலே ஒன்றைச் சுற்றித்தான். அதுவும் எக்ஸ்சேஞ்சை ஒட்டிய வீட்டுக்கு. வீட்டில் இருப்பவர்கள் வாங்குவார்கள், பார்ப்பார்கள், படிப்பார்கள். அவர்களிடம் அனுப்ப என்ன இருக்கப்போகிறது என்ற ஒரு கணிப்பு அதற்குள் இருந்தது. கோஆக்சியல் கேபிளிலும் இதே ஏற்பாடுதான். அண்ணனின் லேன் ஒயரில் மட்டும் போகிற வழியும் வருகிற வழியும் ஒரே அகலம்.

கடைசியில் அப்பா ஒத்துக்கொண்டார், லேண்ட்லைனை எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு சனிக்கிழமை அண்ணனும் இன்னொரு பையனும் மாடி மாடியாக ஏறி ஒயர் இழுத்தார்கள். மறுநாள் காலை பத்து மணி, கூட்டம் இல்லாத நேரம். கரண்டும் இருந்தது. அக்கா முதல் தடவையாக அம்மாவை முழுசாகப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு.

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்து நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பேசவே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, கழுத்தைக் கொஞ்சம் நிமித்தும்மா. அங்க என்ன வீங்கியிருக்கு?"

கூடவே இருக்கிற கண்ணுக்கு மெதுவான மாற்றம் தெரிவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை என்று வளர்கிற எதையும் தினமும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விட்டுவிட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தது.

தைராய்டில் கட்டி. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சோதித்தார்கள். புற்று இல்லை; ஆனால் மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வளர்ந்திருந்தது. இன்னும் தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். அடுத்த மாதமே ஆபரேஷன்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி வழக்கம்போல கரண்டு இல்லை. மாடிப் பெட்டி செத்திருந்தது. செல்லில் டவர் வருவதும் போவதுமாக இருந்தது. எட்டு மணிக்கு இருட்டுக்குள் லேண்ட்லைன் அடித்தது. அக்கா. அப்பா டார்ச் பிடிக்க, அம்மா ரிசீவரை வாங்கினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் காற்று மாதிரி இருந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது. பத்து நிமிஷம் பேசினார்கள். ஃபோனை வைத்த பிறகு அப்பா என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்; சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

அதற்குப் பிறகு எதை எடுப்பது என்ற பேச்சே வரவில்லை. இரண்டுக்கும் காசு கட்டினோம். சில வருஷம் கழித்து வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வந்தது. கண்ணாடி இழைக்கு நாலு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. ஆனால் அதில் கரண்டு வராது. கரண்டு போனால் அந்த வெள்ளைப் பெட்டிக்கு இன்வெர்ட்டர் வேண்டும். ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் கொடுத்து, ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அம்மா இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறாள். குரல் பழையபடி ஆகிவிட்டது, அக்காவைத் திட்டுகிற அளவுக்கு.

நண்பர்கள் வீடு மாறும்போது எந்த நெட் போடலாம் என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. பிளான் விற்க வருகிறவர் நூறு, இருநூறு என்று அடுக்குவதெல்லாம் பெரும்பாலும் கீழே வருகிற வேகம். மேலே போகிற வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள் என்கிறேன். நம்மைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.