இடது பக்க இட்லி

"இன்னும் ரெண்டு இட்லி வை" என்றேன். என் மனைவி ஒரு மாதிரி பார்த்தாள்.

"தட்டுலயே ரெண்டு இருக்கே... அதை வெச்சுக்கிட்டே எதுக்குங்க கேக்கறீங்க?"

தட்டில் இட்லி இல்லை. சத்தியமாக இல்லை. அவள் தட்டை லேசாகத் திருப்பினாள். இரண்டு இட்லியும் சட்னியோடு எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தன.

எனக்கு 61 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் 34 வருஷம் லேத் ஓட்டியவன். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கண்ணுக்கு இட்லி தெரியவில்லை.

பக்கவாதம் என்றால் கை கால் விழும், வாய் கோணும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு இரண்டும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பின்மண்டையில் வலி. அன்றைக்கே மூன்று முறை இடது தோள் கதவு நிலையில் இடித்தது. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். மறுநாள் மதியம்தான் கண் டாக்டரிடம் போனோம். அவர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டு, "உங்க கண்ணுல ஒண்ணும் இல்லை. உடனே தலையை ஸ்கேன் எடுங்க" என்றார்.

மூளையின் பின்பகுதியில், வலது பக்கம் ரத்த ஓட்டம் அடைபட்டிருந்தது. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அந்த நேரத்தை நான் குறட்டை விட்டுக் கழித்திருந்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று பார்வை குறைந்தால், தயவுசெய்து கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பார்வைப் பரப்பை அளக்கும் மெஷினில் தாடையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வந்த பேப்பரில் இரண்டு கண்ணுக்கும் இடது பாதி கறுப்பாக இருந்தது. இரண்டு கண்களும் பார்க்கிற இடது பக்கம் வலது மூளைக்குத்தான் போகிறதாம். இதை விரிவாக வரைபடமாக்கிய கதை சுவாரஸ்யமானது. 1904-05-ல் ரஷ்யாவோடு நடந்த போரில் தலையில் குண்டடிபட்ட ஜப்பானிய வீரர்களுக்கு எவ்வளவு பென்ஷன் தரலாம் என்று முடிவு செய்ய, இனோயே என்ற கண் டாக்டர் அவர்களுடைய பார்வையை அளந்தார். மூளையில் எந்த இடத்தில் அடிபட்டால் பார்வையில் எந்த இடம் போகும் என்று வரைபடமே போட்டு 1909-ல் வெளியிட்டுவிட்டார்.

"அந்தப் பக்கம் இருட்டா இருக்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது இப்போது இருட்டாகவா தெரிகிறது? அப்படித்தான். இல்லை என்பதே தெரியாது. இந்த வியாதியின் சூழ்ச்சியே அதுதான்.

1,860 ரூபாய் கரன்ட் பில்லை 860 என்று படித்து, மகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். பஸ் போர்டில் ஆவடி 'வடி' ஆகிவிடும். இப்போது பேப்பரின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்கேலை வைத்துக்கொள்கிறேன். சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் வரி ஆரம்பம். பயிற்சி கொடுத்த பெண் சொல்லித் தந்தது. பார்வை திரும்பவில்லை, ஆனால் பேப்பர் திரும்பிவிட்டது.

சி.டி.எச். ரோட்டைக் கடப்பது தனிக்கதை. முதல் பாதியில் வண்டிகள் வலது பக்கமிருந்து வரும், கவலையில்லை. நடுவில் இருக்கும் தடுப்பைத் தாண்டியதும் எல்லாமே இடது பக்கமிருந்து வரும். அங்கே நின்று, தாடை தோளைத் தொடும் அளவுக்குத் திரும்பிப் பார்ப்பேன். ராங் ரூட்டில் வருகிற புண்ணியவான்களுக்காக முதல் பாதியிலும் அதையே செய்ய வேண்டியிருக்கிறது. பேரன் கூட வந்தால் இடது பக்கமாக வந்துவிடுவான். "தாத்தா, ஆட்டோ... தாத்தா, மாடு" என்று ரன்னிங் கமென்ட்ரி ஓடும்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் உடம்பு தேறிவிட்டது. வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவி அரிசி டப்பாவுக்குள் இருந்தது எனக்குத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் மனைவி கோயிலுக்குப் போன நேரம், மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓ.டி. பக்கம் கிளம்பினேன். ரோடு தெளிவாகத்தான் இருந்தது. யாரோ கத்தினார்கள். பிரேக்கைப் பிடித்தேன். இடது முழங்கையில் ஏதோ இடித்தது. திரும்பிப் பார்த்தால், சந்திலிருந்து வந்த பள்ளிக்கூடத்துப் பெண் சைக்கிளோடு கீழே கிடந்தாள். ஆறாவதோ ஏழாவதோ படிப்பாள். அடி ஒன்றும் இல்லை. டிபன் பாக்ஸ் திறந்து, மீந்த தயிர்சாதம் ரோட்டில் சிந்தியிருந்தது.

எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு அவள்தான் என்னிடம், "சாரி தாத்தா, நான் பார்க்கல" என்றாள்.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். "ஏங்க, வண்டியை வெளியே எடுத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். "ஸ்டார்ட் ஆகல, பழசாயிடுச்சு, வித்துடலாம்" என்று சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரமே விற்றுவிட்டோம். வாங்கியவர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போனதை அவளும் வாசலில் நின்று பார்த்தாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. காரணம் அவளுக்கு இதைப் படித்துத்தான் தெரியும்.