பதினாலு வரி கழித்தல், அஞ்சு வரி கூட்டல்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஆபீஸ்ல ஆணி புடுங்கினது போதாதுன்னு வீட்டுக்கு வந்தும் பொட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். நான் பொழுதுபோக்கா வேலை செய்யற திறமூலத் திட்டம் ஒண்ணு இருக்கு. பெரிசா ஒண்ணுமில்லை, சி மொழியில் எழுதின ஒரு பேக்கப் டீமன். வீட்டு சர்வர் வெச்சிருக்கிறவங்க சில பேர் பயன்படுத்தறாங்க. அதுக்கு புதுசா ஒருத்தர் ஒரு பேட்ச் அனுப்பியிருந்தார். பதினாலு வரி போகுது, அஞ்சு வரி வருது. தலைப்பு: "நிரல் எளிமைப்படுத்தல், செயல்பாட்டில் மாற்றம் இல்லை".

இந்தக் கடைசி மூணு வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு லேசா வேர்க்கும். ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2019-ல் ஒரு காலேஜ் பையன் இதே திட்டத்துக்கு தன்னோட முதல் பேட்ச்சை அனுப்பினான். விஷயம் ரொம்ப சிம்பிள். சி-யில் மெமரியைத் திருப்பிக் கொடுக்க ஃப்ரீன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கில்லையா, அதைக் கூப்பிடறதுக்கு முன்னாடி "பாயின்டர் நல் இல்லைன்னா மட்டும்"னு ஒரு இஃப் போடறது பழைய ஆட்களோட வழக்கம். அது தேவையில்லை. 1989-ல் வந்த சி ஸ்டாண்டர்டே ஃப்ரீக்கு நல் கொடுத்தா அது பாட்டுக்கு சும்மா இருக்கும்னு சொல்லிடுச்சு. லினக்ஸ் கெர்னலோட கேஃப்ரீயும் அப்படித்தான். இந்த மாதிரி வெட்டி இஃப்களைத் தேடிப் பிடிக்கறதுக்காகவே கெர்னல் மூலத்துக்குள்ள காக்ஸினெல் கருவிக்கான ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. காக்ஸினெல்னா பிரெஞ்சுல பொறிவண்டு. செடியில இருக்கற பூச்சியைத் தின்கிற வண்டு, பேரு நல்லாத்தான் வெச்சிருக்காங்க.

பையன் ஒன்பது இடத்தில் இஃப்பை எடுத்திருந்தான். எனக்கு மறுநாள் ஆபீஸ்ல ரிலீஸ். ராத்திரி ஒரு மணி. முதல் மூணு இடத்தைப் பார்த்தேன், சரியா இருந்தது. மிச்சம் ஆறும் அதே மாதிரிதானே இருக்கும்னு வேகமா உருட்டிட்டு, "பார்த்தாச்சு, நன்று"ன்னு என் பேரைப் போட்டுட்டுப் படுத்துட்டேன்.

ஒன்பதாவது இடத்தில் அந்த இஃப்புக்குள்ள ரெண்டு வரி இருந்தது. ஒண்ணு ஃப்ரீ. இன்னொண்ணு, ஃப்ரீ பண்ணின கையோட அந்த பாயின்டரை நல் ஆக்கற வரி. இஃப் போனப்போ அடைப்புக்குறியோட சேர்ந்து அந்த ரெண்டாவது வரியும் போயிடுச்சு. அந்த ஃபங்ஷனை சாதாரணமா ஒரு தடவைதான் கூப்பிடுவோம். ஆனா நெட்வொர்க் அறுந்து, திரும்ப இணைக்கப் பார்த்து, அதுவும் தோத்துப்போச்சுன்னா ரெண்டாவது தடவையும் கூப்பிடுவோம். அப்போ பாயின்டர் நல்லா இருக்காது, ஏற்கெனவே ஃப்ரீ பண்ணின பழைய முகவரி அப்படியே உட்கார்ந்திருக்கும். அதையே மறுபடி ஃப்ரீ பண்ணினா, ஜிலிப்சி "டபுள் ஃப்ரீ"ன்னு ஒரு வரி சொல்லிட்டு மொத்த டீமனையும் நிறுத்திடும். டெஸ்ட்ல நாங்க யாரும் ரெண்டு தடவை நெட்டை அறுத்துப் பார்க்கலை.

ஒருத்தர் வீட்டில் ஒரு நாள் ராத்திரி அப்படித்தான் நின்னுபோச்சு. அவர் கவனிக்கலை. பேக்கப் ஓடுதான்னு தினமும் யார் பார்க்கறாங்க? ஒன்பது நாள் கழிச்சு அவர் டிஸ்க் செத்துப்போச்சு, அப்பத்தான் பார்த்திருக்கார். அந்த ஒன்பது நாளுக்குள்ள ஒரு கல்யாண வீட்டுப் படங்கள் மொத்தமும் இருந்ததாம்.

கிட் பிளேம்னு ஒரு கட்டளை இருக்கு, எந்த வரியை யார் கடைசியா தொட்டாங்கன்னு காட்டும். அது எழுதினவன் பேரைத்தான் காட்டும், பார்த்தவன் பேரைக் காட்டாது. அதனால அவர் பையன் பேரைப் போட்டுத் திட்டினார். கோபம் நியாயம்தான். பையன் ரொம்ப நீளமா ஒரு மன்னிப்பு எழுதினான். நான் என்ன பண்ணினேன்? சரி செய்யற பேட்ச்சை எழுதி, "இன்னாருடைய மாற்றத்தால் வந்த பிழை திருத்தப்பட்டது"ன்னு ரொம்ப உத்தியோகபூர்வமா ஒரு வரி போட்டேன். பையனுக்கு தனியா "பரவாயில்லை, எல்லாருக்கும் நடக்கறதுதான்"னு பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் வேற. ஒன்பதுல மூணுதான் பார்த்தேன்னு யார்கிட்டயும் சொல்லலை. அதுக்கப்புறம் அந்தப் பையன்கிட்ட இருந்து ஒரு பேட்ச் கூட வரலை.

கெர்னல் திட்டத்தில் "ரிவ்யூ பண்ணியாச்சு"ன்னு பேர் போடறதுக்கு என்ன அர்த்தம்னு எழுதியே வெச்சிருக்காங்க. உத்தரவாதம் எதுவும் கொடுக்கலை, ஆனா முழுசா பார்த்தேன், சரின்னு நம்பறேன்னு அதில் வரும். உத்தரவாதம் இல்லைங்கற பகுதியை வெச்சு நான் ரொம்ப நாள் மனசை சமாதானப்படுத்திக்கிட்டேன். முழுசா பார்த்தேன்ங்கற பகுதி இடிக்கும்.

ஊர் உலகத்துல பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்குன்னு டெபியன் கதையையும் துணைக்குக் கூப்பிடுவேன். தெரியாதவங்களுக்காக: 2006-ல் டெபியன் தன்னோட ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் ரெண்டு வரியை எடுத்துட்டாங்க. வால்கிரைண்ட்ங்கற கருவி, ஆரம்ப மதிப்பு கொடுக்காத மெமரியைப் படிக்கறாங்கன்னு அந்த இடங்களை வெச்சு புகார் சொல்லிக்கிட்டே இருந்தது. ரெண்டு வரியும் பார்க்க அச்சு அசலா ஒரே மாதிரி. ஒண்ணை எடுத்திருந்தா பெரிய பாதகமில்லை. இன்னொண்ணுதான் ரேண்டம் எண் உருவாக்கத் தேவையான சரக்கையே உள்ளே கலக்கற வரி! ரெண்டும் போனதும் மிச்சமிருந்த ஒரே மாறுபாடு பிராசஸ் எண். அது அதிகபட்சம் 32,768 வரைக்கும்தான். ஆக, ஒவ்வொரு வகை சாவிக்கும் உலகத்துல மொத்தமே முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாவிதான். ஒரு சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் போட்டுப் பார்த்துடலாம். மே 13, 2008-ல்தான் அறிவிப்பு வந்தது, சிவிஇ-2008-0166. டெபியனும் உபுண்டுவும் வெச்சிருந்தவங்க எல்லாரும் எஸ்எஸ்எச் சாவியைத் தூக்கிப்போட்டு புதுசா செய்ய வேண்டியதாப் போச்சு. இத்தனைக்கும் எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க ஓபன்எஸ்எஸ்எல் ஆட்கள்கிட்ட பொதுவில் கேட்டிருந்தாங்க. நான் யார்கிட்டயும் கேட்கக்கூட இல்லை. அதனால இந்த ஒப்பீடும் எனக்கு அவ்வளவா உதவாது.

சரி, போன மாச சனிக்கிழமைக்கு வருவோம்.

புது பேட்ச் என்னன்னா, சாக்கெட்ல இருந்து தகவலைப் படிக்கற ஒரு லூப். கேட்ட அளவு முழுசா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப ரீட் கூப்பிடும். அதே வேலையைச் செய்ய எங்ககிட்ட ஏற்கெனவே ஒரு பொது ஃபங்ஷன் இருக்கு. லூப்பைத் தூக்கிட்டு அதைக் கூப்பிட்டிருந்தார். பார்க்க அழகா இருந்தது. டெஸ்ட் எல்லாம் பச்சை. கை தானா ஒப்புதல் பட்டனுக்குப் போச்சு.

இழுத்துப் பிடிச்சு, ஒரு பேப்பரை எடுத்து பழைய லூப்பை இடப்பக்கமும் பொது ஃபங்ஷனை வலப்பக்கமும் கையால எழுதினேன். "ஏங்க, பரீட்சையா?"ன்னு தங்கமணி கேட்டுட்டுப் போனாங்க. ஏறக்குறைய அப்படித்தான்.

எல்லா வரிக்கும் ஜோடி கிடைச்சது, ஒண்ணைத் தவிர. ரீட் காத்துக்கிட்டு இருக்கும்போது சிக்னல் வந்தா அது பாதியில் எர்ரரோட திரும்பும். பொது ஃபங்ஷன் அதைக் கண்டுக்காம மறுபடி ரீட் கூப்பிடும். பழைய லூப்பும் அப்படித்தான், ஆனா அதுக்கு முன்னாடி "வெளியே போகச் சொல்லியாச்சா?"ன்னு ஒரு கொடியைப் பார்த்துட்டுப் போகும். அந்தக் கொடி இல்லைன்னா, டீமனை நிறுத்தச் சொல்லும்போது அது மறுபடி ரீட்ல போய்ப் படுத்துக்கும். எதிர்ப்பக்கம் எதுவும் அனுப்பலைன்னா அங்கேயேதான். சிஸ்டம்டி வழக்கமா 90 விநாடி பொறுத்துப் பார்த்துட்டு ஒரேயடியா கொன்னுடும். கடைசியா இண்டெக்ஸை எழுதி மூடற வேலை நடக்காது. மறுபடியும் யாரோ ஒருத்தரோட பேக்கப்.

அந்தக் கொடி வரியை எந்தப் புண்ணியவான் ஒரு விளக்கம்கூட எழுதாம போட்டு வெச்சிருக்கான்னு கிட் பிளேம் போட்டேன். 2017, நானேதான். அவ்வ்வ்வ்.

பதில் எழுத முக்கால் மணி நேரம் ஆச்சு. முதல்ல எழுதினதில் "நீங்கள் கவனிக்கவில்லை"ன்னு ஆரம்பிச்சிருந்தேன். அழிச்சேன். அவர் கவனிச்சிருக்க வழியே இல்லை, வரி ஏன் இருக்குன்னு நான் எங்கேயும் சொல்லலையே. எளிமைப்படுத்தினது சரி, ஒரு கொடி மட்டும் விட்டுப்போச்சு, அது ஏன்னா இப்படி, விளக்கம் எழுதாதது என் தப்புன்னு எழுதினேன். பொது ஃபங்ஷனுக்கே கொடியைப் பார்க்கச் சொல்லி ஒரு வழி பண்ணலாமான்னும் கேட்டேன்.

அந்தச் சூட்டோட இன்னொரு மெயிலும் எழுதினேன், 2019 பையனுக்கு. இப்போ பையன் இல்லை, எங்கேயாவது வேலையில் இருப்பான். ஒன்பது இடத்தில் மூணுதான் பார்த்துட்டு என் பேரைப் போட்டேன், எல்லாரும் உன்னைத் திட்டினப்போ வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு நாலே வரி. பழைய காலேஜ் முகவரிதான் என்கிட்ட இருந்தது. திரும்பி வரலை, பதிலும் வரலை. போய்ச் சேர்ந்துதான்னு தெரியாது. திட்டத்தோட மாற்றக் குறிப்பில் அந்தப் பழைய பிழைக்குக் கீழே, ரிவ்யூ செய்தவன் நான், முழுசா பார்க்கலைன்னு ஒரு வரி சேர்த்துட்டேன்.

புதியவர் மூணாம் நாள் திருத்தி அனுப்பினார். பன்னிரண்டு வரி போகுது, பதினெட்டு வரி வருது. அதிகமானது ஒரு விளக்கமும், ஓடிக்கிட்டு இருக்கற டீமனுக்கு சிக்னல் அனுப்பி ரெண்டு விநாடிக்குள்ள நிக்குதான்னு பார்க்கற ஒரு டெஸ்ட்டும். தலைப்பில் "எளிமைப்படுத்தல்" அப்படியே இருந்தது. மாத்தச் சொல்லலை. மறுபடி பேப்பரை எடுத்து பதினெட்டையும் பார்த்துட்டு பேரைப் போட்டேன்.