சனது அறுந்த இசைக்கருவி

ஹதீஸ் கலை பயில்வோர் முதலில் பழகுவது சனதைச் சோதிப்பதாகும். மத்ன் எனப்படும் வாசகம் எத்துணை அழகாயிருப்பினும், அதனைக் கொண்டுவந்து சேர்த்த அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி பழுதுபடின், அவ்வறிவிப்பு பலவீனமாகும். இந்நெறி மின்கருவிக்கும் பொருந்துவதைத் தாமிரபரணிக் கரை முக்கூடலில், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் பழுதுபார்க்கும் கடையில் கண்டோம்.

இஸ்லாமியப் பாடல் கச்சேரிகளில் பல்லாண்டு வாசித்துவரும் முதியவரொருவரின் பழைய சிந்தசைசர் அங்கு வந்திருந்தது. சுருதி நிற்கவில்லை, ஓயாத உறுமல் வேறு. “போர்டே போய்விட்டது, எடைக்குப் போடுங்கள்” என்று வெளியூரில் சொல்லிவிட்டனராம். அவர் பிழைப்பும் அதனோடு போவதாயிருந்தது.

“ஹஜ்ரத், சுருதியைக் குறை சொல்லுமுன் கரண்டு வரும் வழியைப் பார்க்கவேண்டும்” என்றார் மாணவர்.

காரணம் உண்டு. ராபர்ட் மூக் 1964-இல் வகுத்த முறையில், ஒரு வோல்ட் உயர்ந்தால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரத்தானங்கள். ஒன்றுக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட்தான். ஊட்டும் மின்சாரம் சற்றே தளும்பினும் சுருதி தடுமாறக்கூடும். மூக் கருவியொன்று 1969-இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு வந்தது; அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அதனை நிறுவினார். முதியவரின் கருவியும் அம்முறையினதே.

பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டன்சரில் மின்னேற்றம் தங்கும். அதனை ரெசிஸ்டர் வழியே வடித்த பின்னரே மாணவர் கைவைத்தார். பிறகு சீரிஸ் பல்பு வழியே மின்சாரம் கொடுத்தார். பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கிற்று, ஷார்ட் இல்லை. அடுத்து ஒவ்வொரு ராவியாக விசாரணை: பியூஸ் சரி, டிரான்ஸ்பார்மர் சரி, நான்கு டயோடுகளும் சரி. முக்கூடல் என்ற பெயருக்கேற்ப உள்ளேயும் மூன்று கூடின: பிளஸ் 15 வோல்ட், மைனஸ் 15 வோல்ட், நடுவே எர்த். பிளஸ் அசையாமல் நின்றது. மைனஸ் 12-இல் தளும்பிற்று.

போர்டைக் கழற்றி, அதற்கீடான சுமையாக ரெசிஸ்டரை இட்டு அளந்தார். அப்போதும் அதே தளும்பல்! பழுது போர்டில் இல்லையென்பது உறுதியாயிற்று. மைனஸ் பக்கத்துக் கண்டன்சர் ஆண்டுகள் பலவாய் உள்ளே உலர்ந்து, தலை புடைத்திருந்தது. நொடிக்கு 50 சுற்றாக வரும் மின்சாரம் டயோடுகளைக் கடந்தபின் 100 அலைகளாகிறது. அவற்றைச் சமன்செய்யும் வலிமை அதற்கில்லை. அவ்வலைகளே நாம் கேட்ட உறுமல். அதே அளவுள்ள புதியதொன்றை முனை மாறாமல் பற்றவைத்ததும் கருவி தெளிந்து பாடிற்று. முதியவர் “அல்ஹம்துலில்லாஹ்” என்றதன்றி வேறொன்றும் பேசவில்லை.

ஓதாத பிள்ளையை “இவன் மண்டையில் ஏறாது” என்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். அப்பிள்ளை பசியாறி வந்தானா, இரவில் உறங்கினானா, வீட்டில் அமைதி உண்டா என்று கண்ணி கண்ணியாக விசாரிப்போர் சிலரே. போர்டைப் பழிக்குமுன் ஊட்டம் வரும் வழியைப் பார்ப்பது கடைக்காரருக்கு மட்டும் உரிய கடமையன்று.