நானாவின் கிட்டார்

யாரும் தொடாத, ஆனால் வீசிவிடவும் மனம் வராத பொருள் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் அது ஒரு எலக்ட்ரிக் கிட்டார்.

1965இல், கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து என் நானாவுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே சியர்ஸ் கடைகள் 'சில்வர்டோன்' என்ற பெயரில் விற்ற மலிவான கிட்டார் அது. செய்தது, நதன் டானியல் என்பவர் 1947இல் நியூ ஜேர்சியில் தொடங்கிய டேன்எலெக்ட்ரோ நிறுவனம். மரச் சட்டத்தின் முன்னும் பின்னும் வெறும் ஹார்ட்போர்ட். ஒலியை வாங்கும் காந்தமும் கம்பிச்சுருளும் லிப்ஸ்டிக் குழாய்க்குள். அம்ப்ளிஃபையர், கிட்டார் பெட்டிக்குள்ளேயே. அதற்கு 110 வோல்ட்தான் வேண்டும். நம் ஊர் மின்சாரமோ 230. நேராகச் சொருகினால் கருகிவிடும் என்று நானா தனியாக ஒரு டிரான்ஸ்போமர் வைத்திருந்தார்.

கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்கு எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்த காலம் அது. ஆனால் எங்கள் வாப்பாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது. ஆகவே இரவில் நானா மின்சாரம் இல்லாமல் வாசிப்பார். உள்ளே கூடாக இருப்பதால் மெல்லக் கேட்கும். சுவருக்கு இப்பால் படுத்துக்கொண்டு நான் கேட்பேன். 1970க்குப் பிறகு இறக்குமதித் தடைகளால் தந்தி கிடைக்காமல் போனது. பழைய தந்திகளை உம்மாவின் சட்டியில் அவித்து அழுக்கெடுத்து மீண்டும் கட்டுவார்.

நானா மௌத்தாகி மூன்று வருடங்கள். சென்ற மாதம் அவருடைய மகன் மெல்பேர்னிலிருந்து வந்தான். கையில் அதே சாயலில் ஒரு புதுக் கிட்டார். 1969இல் மூடப்பட்ட டேன்எலெக்ட்ரோவின் பெயரை வேறொரு நிறுவனம் வாங்கி, 1990களின் பிற்பகுதியில் பழைய மாதிரிகளை மீண்டும் செய்யத் தொடங்கியதாம். "மாமி, இது உங்கள் பேரனுக்கு. வாப்பாவுடையதை நான் கொண்டு போகட்டுமா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கொடுக்க மனம் வரவில்லை.

இரண்டையும் மடியில் மாற்றி மாற்றி வைத்து வாசித்தான். அதே ஹார்ட்போர்ட், அதே லிப்ஸ்டிக் குழாய். ஆனால் புதியதில் சுருதி நிற்கிறது. கழுத்து வளைந்தால் உள்ளே இருக்கும் கம்பியைத் திருகி நிமிர்த்தலாம். பழையதில் இரண்டு இரும்புச் சட்டங்கள்தாம், திருக வழியில்லை. கண்டியின் ஈரத்தில் வளைந்தது வளைந்ததுதான். ஏழாவது கட்டில் விரல் வைத்தால் தந்தி கரகரக்கிறது.

அவன் சட்டென்று நிறுத்தினான்.

"மாமி, ஒரு பாட்டில் வாப்பா எப்போதும் ஓர் இடத்தைத் தாண்டிப் போவார். வாசிக்கத் தெரியாது என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார். அந்த இடம் இதுதான்."

அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. நானே எழுந்து பெட்டியைக் கொண்டுவந்து பழைய கிட்டாரை அதில் வைத்து மூடிக் கொடுத்தேன்.

படிப்பதற்கு நிச்சயம் புதியதுதான் நல்லது. பேரன் அதில் பழகட்டும். ஆனால் வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் எதையாவது தாண்டிப் போனால், அவருக்குத் தெரியாது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கையில் கிடைத்த கருவியை ஒருமுறை நீங்களும் தொட்டுப் பாருங்கள், அவர் இருக்கும்போதே.